உப்பு லாரியும் ஓசிக் காத்திருப்பும்

பி.காம். புத்தகத்தைக் கொஞ்சமாவது புரட்டியவர்களுக்கு 'டெமரேஜ்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்கு மேல் கப்பல் துறைமுகத்தில் காத்துக் கிடந்தால் சரக்குக்காரர் கப்பல்காரருக்குக் கட்டும் தொகை. ரயிலிலும் இது உண்டு. கொடுத்த இலவச நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால், மணிக்கு இவ்வளவு, வேகனுக்கு இவ்வளவு என்று ரயில்வே தீட்டிவிடும். கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் அதற்கு 'டிடென்ஷன்' என்று வேறு பெயர். பரீட்சையில் ஐந்து மார்க். எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. லாரி காத்துக் கிடந்தால்? அந்த லாரிக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு யார், எவ்வளவு கொடுக்க வேண்டும்?

விடை ரொம்பச் சுலபம். ஒன்றும் கிடையாது. ஓசி.

(ஓசி என்ற வார்த்தையே கிழக்கிந்தியக் கம்பெனி தன் தபால்களில் 'ஓ.சி.' என்று முத்திரை போட்டுக் காசில்லாமல் அனுப்பியதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, கம்பெனிகள் இன்னும் ஓசியில்தான் வேலை வாங்குகின்றன :-) )

சரி, விஷயத்துக்கு வருவோம். இடையஞ்சாவடியில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டம், ஆரோவில்லை ஒட்டிய ஊர். செம்மண், முந்திரித் தோப்பு, பக்கத்திலேயே ஈ.சி.ஆர். பையனுக்கு வயது இருபத்தொன்று. டிராக்டர் ஓட்டினான், குட்டியானை ஓட்டினான், இப்போது ஹெவி லைசென்ஸ் கையில். சட்டப்படி 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்புப் படிப்பும் கேட்டார்கள், 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். டிரைவர் பஞ்சம், அதனால்தான். பஞ்சம் ஏன் வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

லைசென்ஸ் வாங்கும்போது ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் டிரிப்பில் அவன் கற்றுக்கொள்ளப் போகும் பாடம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாடங்கள் ஸ்டியரிங்கில் இல்லை. புக்கிங் ஆபீஸில் இருக்கின்றன.

முதல் லோடு மரக்காணத்து உப்பு. ஈ.சி.ஆரில் வடக்கே போனால் வந்துவிடும். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் இரண்டுக்கும் அடுத்தபடியாக உப்புக்குப் பேர் போன இடம். ஜனவரி வாக்கில் பாத்தி கட்ட ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான் சீசன். ஆக, லாரிக்குக் கிராக்கியும் அந்த மாதங்களில்தான்.

உப்பு ஒரு வினோதமான சரக்கு. எடை அதிகம், விலை குறைவு. கொஞ்ச தூரம் போனாலே லாரி வாடகை உப்பின் விலையைத் துரத்த ஆரம்பித்துவிடும். அதனால் உப்பு வியாபாரத்தில் கழிக்க முடிந்த ஒரே செலவு வாடகைதான், எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். போதாததற்கு உப்புத் தண்ணீர் சொட்டி சேஸிஸ் துருப்பிடிக்கும். பாத்தியில் எடுத்த பச்சை உப்பில் ஈரம் இருக்கும், வழியெல்லாம் வடியும். ஏற்றும்போது எடை மேடையில் ஒரு எடை, இறக்கும்போது இன்னொரு எடை. குறைந்த கிலோவுக்கு 'ஷார்ட்டேஜ்' என்று எழுதி வாடகையில் பிடிப்பார்கள். சூரியனும் காற்றும் குடித்த தண்ணீருக்குக் காசு கட்டுவது லாரிக்காரன்.

இதே உப்பைச் சங்க காலத்தில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு உமணர்கள் போனார்கள். மரக்காணம்தான் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பதை ஔவையார் புறநானூற்றில் பதிவு செய்திருக்கிறார். அதாவது அந்தக் காலத்து ஸ்டெப்னி. ஆனால் ஒரு வித்தியாசம். உமணன் ஏற்றிப் போன உப்பு அவனுடையது. விலை சொன்னதும் அவன்தான், நெல்லை வாங்கிக்கொண்டதும் அவன்தான். வழியில் ஒரு நாள் தாமதமானால் அது அவன் நஷ்டம், நல்ல விலை கிடைத்தால் அது அவன் லாபம். இடையஞ்சாவடிப் பையனுக்கு இதில் முதல் பாதி மட்டும் மிச்சமிருக்கிறது.

காலை ஆறு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினான். முன்னால் ஏழு வண்டி. லோடுமேன்கள் இன்னும் வரவில்லை. வந்தார்கள், சாக்கு வரவில்லை. சாக்கு வந்தது, சாப்பாட்டு நேரம். மதியத்துக்கு மேல் ஏற்ற ஆரம்பித்து, எடை போட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, எல்.ஆர். வாங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம். இதுவரை அவன் சம்பாதித்தது பூஜ்யம்.

ஏனென்றால் அவன் சம்பளம் நேரத்துக்கு இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம். கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். டிரிப்புக்கு 2,000 ரூபாய். இரண்டு நாளில் முடிந்தால் நாளுக்கு 1,000. ஏற்றும் இடத்தில் ஒரு நாள், இறக்கும் இடத்தில் ஒரு நாள் கிடந்தால் நாளுக்கு 500. அந்த இரண்டு நாள் சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் கையிலிருந்து. வேகமாக வேலை செய்யாதது யாரோ. சம்பளம் பாதியானது இவனுக்கு.

இங்கேதான் விவகாரம் இருக்கிறது. லாரித் தொழிலில் டீசல் விலை பற்றிப் பேசுவார்கள், டோல் பற்றிப் பேசுவார்கள், மாமூல் பற்றி மெதுவாகப் பேசுவார்கள். காத்திருப்பு பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஏதோ மழை வெயில் மாதிரி இயற்கை என்று நினைக்கிறார்கள். இயற்கையெல்லாம் இல்லை. குடோனில் இடம் இல்லாவிட்டால் சரக்கு லாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். வாடகை இல்லாத குடோன், வாட்ச்மேனும் ஓசி. வாட்ச்மேன் யார்? டிரைவர்தான். வண்டியை விட்டு நகர முடியாது, தார்ப்பாயை அறுப்பார்கள், டீசல் உருவுவார்கள். எட்டு லாரியை வாசலில் நிறுத்தி வைக்க ஒரு கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை என்றால், எட்டு லோடுமேன்களுக்குப் பதில் நான்கு பேரை வைத்துக்கொள்வதுதானே அதற்கு லாபம்? கணக்குப் பாடம் படித்தவர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர வண்டிகளுக்கு அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். நல்ல சட்டம். 'வேலை நேரம்' என்றால் என்ன என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் என்று அழகாக ஆரம்பிக்கிறது. அப்புறம் அதில் எவையெல்லாம் சேரும் என்று மூன்று சொல்கிறது. வண்டி ஓடும்போது செய்யும் வேலை. அதையொட்டிய துணை வேலைகள். மூன்றாவதாக, டெர்மினலில் சும்மா காத்திருக்கும் நேரம், அது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்!

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பதினான்கு நிமிடம் காத்திருந்தால் அது வேலை என்று எழுத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நிலையத்தில் டீ குடித்துவிட்டு வரும் பஸ் டிரைவரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. லாரிக்காரன் தலையில் அது இப்படி விடிந்தது.

பழைய சட்டம்தானே என்று சமாதானம் சொல்லலாம். 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1961 சட்டம் அதில் கரைந்துபோனது. புதிய தொகுப்பில் இந்தப் பதினைந்து நிமிடம்? பத்திரமாக அப்படியே இருக்கிறது. மாறியது வேறு. பழைய சட்டம் ஐந்து தொழிலாளர் இருந்தாலே அந்த நிறுவனத்துக்குப் பொருந்தும். புதியதில் பத்துப் பேர் வேண்டும். இந்தியாவில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து லாரிக்கும் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிகள். பத்துப் பேர் கணக்குக்கு எங்கே போவது? இடையஞ்சாவடிப் பையன் வேலை பார்ப்பது இரண்டு லாரி முதலாளியிடம். அவனுக்கு அந்தத் தொகுப்பு இன்னொரு ஊர்க்காரனின் கல்யாணப் பத்திரிகை மாதிரி.

இரவு ஏழு மணிக்கு மரக்காணத்திலிருந்து வண்டி கிளம்புகிறது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு. காலையில் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. பகல் முழுக்க உப்புப் புழுதியில் வெயில் காய்ந்தவன் ராத்திரி முழுக்க ஓட்டுகிறான். பகலில் தூங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒரு நாள் ஏப்ரல் மாதத்து மரக்காணத்தில் லாரி கேபினில் தூங்கிப் பார்க்கட்டும். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்தவும் வேண்டும், நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான்.

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. களைப்பாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருந்தாலும் ஓட்டுவதாகச் சுமார் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். பேப்பரில் படித்தவர்கள் 'அய்யோ, இந்த லாரிக்காரர்கள்' என்றார்கள். அந்தத் தூக்கத்தைத் திருடியது எந்த வாசல் என்று ஒரு வரி கிடையாது. விபத்து நடந்தால் எஃப்.ஐ.ஆரில் டிரைவர் பெயர் இருக்கும். காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி மாலை ஆறு மணிக்கு எல்.ஆர். கொடுத்தவர் பெயர் இருக்காது.

எடை விஷயமும் இதே ரகம்தான். வாடகை டன்னுக்கு இவ்வளவு என்று பேசுவதால், காத்துக் கிடந்த நஷ்டத்தை ஈடுகட்ட எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழி இன்னும் இரண்டு டன் ஏற்றுவது. 2018-ல் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். ஓவர்லோடு ஒழிந்துவிடும் என்றார்கள். சில நாளில் டன் வாடகை இறங்கி வந்து அதற்குச் சமமாக உட்கார்ந்துகொண்டது. பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டுகிறவரும் ஓட்ட வைத்தவரும் இரண்டு பேருமே குற்றவாளி என்றுதான் சட்டம் எழுதியிருக்கிறது. ஓட்டுகிறவர் ரோட்டில் இருக்கிறார், கையை நீட்டினால் அகப்படுவார். ஓட்ட வைத்தவர் ஏ.சி. அறையில் இருக்கிறார்.

பெங்களூரில் போய் நின்றான். ஊருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை நேரம் உண்டு, அது முடியும்வரை வெளியே ஒரு காத்திருப்பு. உள்ளே போனால் கம்பெனி வாசலில் இன்னொன்று. இறக்குக்கூலி யார் தருவது என்று ஒரு சண்டை. கடைசியில் ரிட்டர்ன் லோடு.

ரிட்டர்ன் லோடு என்பது தனிக் கலை. காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் நஷ்டம் என்பது புரோக்கருக்குத் தெரியும். வெளியூர் வண்டி, புது முகம், தமிழ் பேசுகிறான், மூன்றாவது நாள் தாடி. விலை தானாக இறங்கும். சரக்குக்காரர் கொடுத்தது எவ்வளவு, நடுவில் டிரான்ஸ்போர்ட் எடுத்தது எவ்வளவு, புக்கிங் ஆபீஸ் கமிஷன் எவ்வளவு என்று அவனுக்கு ஒருபோதும் தெரியாது. கையில் தரும் தாளில் அது இருக்காது. 2007-ல் வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் 'காமன் கேரியர்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்து பதிவு செய்யச் சொன்னது. அது நடைமுறைக்கு வந்ததே 2011 மார்ச்சில். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது 1865-ம் வருடத்துச் சட்டம்! ஆனால் புதியதிலும் சரக்கு தொலைந்தால் சரக்குக்காரருக்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. லாரிக்காரன் நாள் தொலைந்தால் எவ்வளவு என்று இல்லை.

அமெரிக்காவில் தரகர் நடுவில் எவ்வளவு எடுத்தார் என்ற பதிவைப் பார்க்க லாரிக்காரருக்கு விதிப்படி உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் 'கேட்க மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கி அதை மழுக்கிவிடுகிறார்கள் என்பதற்காக 2020 மே மாதம் வாஷிங்டனில் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்திப் போராடினார்கள். அங்கேயும் மைலுக்கு இவ்வளவு என்ற சம்பளம்தான், அங்கேயும் காத்திருப்பு ஒரு பெரிய புண்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் காசு என்று ஒரு வழக்கமாவது பேச்சில் இருக்கிறது. இங்கே 'ஹால்டிங்' என்று ஒன்று உண்டு. ஒரு நாளோ இரண்டு நாளோ கழிந்தபின், போன் மேல் போன் போட்டு, பாதியாகப் பேசி வாங்குவது. அதுவும் போவது முதலாளிக்கு. டிரைவருக்கு வந்து சேர்வது அவர் மனதைப் பொறுத்தது.

திரும்பும்போது இன்னொரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, போகும்போது இ-வே பில் தொல்லை இல்லை. ரிட்டர்ன் லோடுக்கு உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். பில்லைப் போட்டுவிட்டு 'கொஞ்சம் பொறு, இன்னும் நாலு பெட்டி வரணும்' என்று வண்டியை நிறுத்தி வைத்தால் ஆயுள் வாசலிலேயே கரையும். தீர்ந்துபோன பில்லோடு பிடிபட்டால் நடுரோட்டில் வண்டியோடு நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. அரசாங்கத்துக்குச் சரக்கு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நிமிடக் கணக்குத் தெரியும். 2021 மே மாதம் டோல்கேட்டில் ஒரு வண்டிக்குப் பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது. பத்து நொடி! அதே வண்டி அடுத்த கம்பெனி வாசலில் முப்பது மணி நேரம் நின்றால் அளக்க ஆள் இல்லை.

'லாரி முதலாளிக்கே ஒன்றும் மிஞ்சவில்லை, அவர் எங்கே டிரைவருக்குக் கொடுப்பார்' என்று ஒரு வாதம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர், எல்லாம் வண்டி நின்றாலும் ஓடினாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இது டிரைவருக்கு எதிரான வாதம் இல்லையே. அந்த வாசலில் முதலாளியும் டிரைவரும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கதவை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறார். இரண்டு பேரும் அவரைக் கேட்காமல், கைக்கு எட்டுகிற பேட்டாவில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நாமக்கல்லில் இருந்து எத்தனையோ ஸ்டிரைக் அறிவிப்பு வந்திருக்கிறது, டீசலுக்கும் டோலுக்கும் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும். ஏற்ற இறக்க நேரத்துக்காக மட்டும் ஒரு நாள் லாரி ஓடாமல் நின்றால் ஊரே என்னவென்று கேட்கும்.

'ஆப் வந்துவிட்டது, எல்லாம் மாறிவிடும்' என்பது இரண்டாவது வாதம். மாறியது புரோக்கர் ஆபீஸின் விலாசம். லோடு எங்கே இருக்கிறது என்று போன் சொல்கிறது, சரி. போய் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று சொல்கிறதா? எந்தக் கம்பெனி வாசலில் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று டிரைவர்கள் போட்ட ஸ்டார் எங்கே? ஹோட்டல் தோசைக்கு ஸ்டார் போட முடிகிறது.

கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, சரக்குக்காரர் செலவு, அதில் டிரைவர் பங்கு இவ்வளவு என்று எல்.ஆரிலேயே அச்சடிக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிட வரியைத் தூக்க வேண்டும். கப்பலுக்கும் வேகனுக்கும் இருக்கும் மரியாதைதான், புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

நேரத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்பார்கள். எல்லாக் கம்பெனி வாசலிலும் செக்யூரிட்டி மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வண்டி நம்பர், டிரைவர் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். இடையஞ்சாவடிப் பையன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனான், போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தான்.

பி.கு.: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். ரொம்ப நல்ல காரியம், தாமதமாகவாவது வந்ததே. ஆனால் ஏ.சி. ஓட என்ஜின் ஓட வேண்டும். மரக்காணத்து வரிசையில் எட்டாவது வண்டியாக நிற்கும்போது அந்த டீசல் யார் கணக்கு?